நன்னன் மருகன்: ஒரு முன்னோரின் பழி எத்தனை தலைமுறைக்கு?

என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பொய்ச்சாட்சி சொன்னவர் என்று தெரியும். ஏதோ ஒரு வரப்புத் தகராறு, கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது, அதில் இவர் காசு வாங்கிக்கொண்டு மாற்றிச் சொல்லிவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. திருவண்ணாமலைக்கும் செங்கத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு அதனால் 'பொய்ச்சாட்சி வீடு' என்று பெயர். நேருக்கு நேர் யாரும் சொல்ல மாட்டார்கள். என் அத்தைக்கு வரன் பார்க்க வந்தவர்கள் பேச்சை முடிக்காமல் எழுந்து போனார்கள். காரணம் அந்தப் பேர்தான் என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இது வரலாற்றுக் கட்டுரைதான், குடும்பக் கதை இல்லை. ஆனால் இந்தப் பின்னணி இல்லாமல் இருந்திருந்தால் நான் இந்த ஆராய்ச்சியில் இறங்கியிருக்கவே மாட்டேன். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆரம்பித்து வைத்தது என் மகள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் மலைபடுகடாத்திலிருந்து ஒரு பகுதி பாடமாக இருக்கிறது. "நம்ம செங்கத்து ராஜாடா இவரு. நம்ம பர்வதமலைதான் அந்தப் பாட்டுல வர்ற நவிரமலை" என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் போனில் எதையோ தேடிவிட்டு நிமிர்ந்தாள். "ஏம்பா, இந்த நன்னன்தானே மாங்கா தின்னதுக்கு ஒரு பொண்ண கொன்னவன்?"

எனக்குச் சுருக்கென்றது. "அது வேற நன்னன்மா" என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வேற நன்னன் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊர்க்காரன் என்பதால் சொன்னேனா, ஆதாரம் இருந்து சொன்னேனா? அன்றைக்கு ஆரம்பித்த தேடல் இது. நான் முறையாகத் தமிழ் படித்தவன் கிடையாது. பி.ஈ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். மூலத்தையும் உரைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

செங்கத்து நன்னன்

முதலில் நம் ஊர்க்காரனைப் பார்த்துவிடுவோம். பத்துப்பாட்டில் பத்தாவது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு. மொத்தம் 583 அடிகள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள்மான் நன்னன் சேய் நன்னன். செங்கண்மாதான் இன்றைய செங்கம். திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் ரோட்டில் போனால் 35 கிலோமீட்டர் போல வரும்.

பாட்டில் வருகிற சேயாறு இன்றைக்கும் செய்யாறு என்ற பெயரில் ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் பக்கமாக ஓடுகிறது (ஓடுகிற மாதங்களில்). நவிரமலையில் நஞ்சுண்ட கடவுள் இருப்பதாகப் பாட்டு சொல்கிறது. பர்வதமலை உச்சியில் இன்றும் மல்லிகார்ஜுனர் கோயில் இருக்கிறது. செங்கம் ரிஷபேசுவரர் கோயிலில் உள்ள சோழர் காலத்துப் பாட்டுக் கல்வெட்டு ஒன்று நன்னனின் மலையையும் அவன்மேல் பாடப்பட்ட 'கடாம்' என்ற பாட்டையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது நன்னன் போய் ஆயிரம் வருஷம் ஆன பிறகும் அவனுடைய ஊரில் அவனை இந்தப் பாட்டோடு சேர்த்து ஞாபகம் வைத்திருந்தார்கள்.

பாட்டின் விஷயம் எளிமையானது. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன், பசியோடு எதிரே வருகிற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று எல்லாம் சொல்லி, கடைசியில் நன்னனின் ஊர் வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறான். காவல் கடுமையான வாசல்தான், ஆனாலும் தயங்காமல் உள்ளே போங்கள் என்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாம் 'பாவம், தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள்' என்று அன்பாகப் பார்ப்பார்களாம். இந்த வாசலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெண்ணைக் கொன்ற நன்னன்

இப்போது மகள் சொன்ன நன்னன். இவனைப் பற்றிய முக்கியமான செய்தி குறுந்தொகை 292-ஆம் பாட்டில் இருக்கிறது. பாடியவர் பரணர்.

அது வரலாற்றுப் பாட்டே இல்லை, காதல் பாட்டு. ஒருநாள் ஒருத்தன் சிரித்த முகத்தோடு விருந்தாளியாக வந்துவிட்டுப் போனான். அதிலிருந்து அம்மா சந்தேகப்பட்டு, பகைவன் வாசலில் நிற்கிற ஊர் மாதிரி ராத்திரி எல்லாம் தூங்காமல் காவல் இருக்கிறாள். கடுப்பான தோழி அம்மாவைத் திட்டுகிறாள்: பெண்ணைக் கொன்ற நன்னன் போல இவளும் மீளாத நரகத்துக்குப் போகட்டும்!

அந்தத் திட்டின் நடுவில்தான் சம்பவம் வருகிறது. குளிக்கப் போன ஒரு பெண், ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த ஒரு பச்சைக்காயைத் தின்றுவிட்டாள். அந்தக் குற்றத்துக்கு ஈடாக 81 யானைகளும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருவதாகச் சொன்னார்கள். நன்னன் வாங்கிக்கொள்ளவில்லை. கொன்றுவிட்டான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாட்டில் 'காய்' என்றுதான் இருக்கிறது. மாங்காய் என்று இல்லை. மாமரம் வருவது அதே பரணர் பாடிய குறுந்தொகை 73-இல். கோசர்கள் சூழ்ச்சி செய்து நன்னனின் மாமரத்தை வெட்டிவிட்டார்கள் என்று அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. இந்த இரண்டு பாட்டையும் உரையாசிரியர்கள் ஒன்றாகச் சேர்த்தார்கள். நன்னனின் காவல்மரம் மா, அதன் காயைத்தான் அவள் தின்றாள், அந்தக் கோபத்தில்தான் கோசர்கள் மரத்தை வெட்டினார்கள் என்று ஒரு முழுக் கதை கிடைத்தது. பொருத்தமான இணைப்புதான். ஆனால் இணைத்தது பிற்காலத்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

'நீயும் தழுவத் தக்கவன்தான், ஆனால்...'

இனிமேல்தான் நான் சொல்ல வந்த ஆள் வருகிறான். அவன் பெயர் இளவிச்சிக்கோ. சங்க இலக்கியத்தில் மிகச் சின்னப் பாத்திரம். புறநானூறு 151-ஆம் பாட்டு இல்லாவிட்டால் அவனைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை.

பாட்டின் அடிக்குறிப்பு காட்சியைச் சொல்லிவிடுகிறது. இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். பெருந்தலைச் சாத்தனார் வருகிறார். கண்டீரக்கோவைக் கட்டித் தழுவுகிறார். பக்கத்திலேயே இருக்கிற விச்சிக்கோவைத் தழுவவில்லை. 'என்னை ஏன் தழுவவில்லை?' என்று அவன் கேட்கிறான்.

புலவர் சொல்கிற பதிலின் சாரம் இது. கண்டீரக்கோவின் நாட்டில் வீட்டுத் தலைவன் வெளியூர் போயிருந்தாலும் வீட்டுப் பெண்களே பாடி வருகிறவர்களுக்குப் பெண்யானையைப் பரிசாகக் கொடுப்பார்கள். அதனால் இவனைத் தழுவினேன். நீயும் தழுவத் தக்கவன்தான். ஆனால் நீ நன்னன் மருகன். அதோடு, பாடுகிறவர்களுக்குக் கதவை அடைத்ததால் எங்கள் ஆட்கள் உங்கள் மலையைப் பாடுவதையே விட்டுவிட்டார்கள்.

பெருந்தலைச் சாத்தனார் கர்வம் பிடித்த பெரிய இடத்து ஆள் இல்லை. அடுப்பில் காளான் பூக்கிற வறுமையைப் பாடியவர். நாட்டை இழந்து காட்டில் இருந்த குமணனைத் தேடிப்போய், கொடுக்க வேறு ஒன்றும் இல்லாத அவன் தன் தலையை எடுத்துக்கொள் என்று வாளை நீட்டியதைப் பார்த்தவர். ஒரு வேளைச் சோற்றுக்கு அலைந்த ஆள், ஒரு தலைவன் கேட்டும் தழுவ மறுக்கிறார் என்றால், அந்தப் பழி அவருக்கு எவ்வளவு பெரிதாகப் பட்டிருக்க வேண்டும்!

எனக்கு மனதில் தைத்தது இதைவிட 'நீயும் தழுவத் தக்கவன்தான்' என்ற இடம். விச்சிக்கோ தனிப்பட்ட முறையில் எந்தத் தப்பும் செய்ததாக அவர் சொல்லவில்லை. அவனைத் தடுப்பது முன்னால் போன ஒருத்தனின் பெயர். என் அத்தையைப் பார்க்க வந்தவர்களும் பொண்ணு நல்ல பொண்ணுதான் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனார்களாம்.

'மருகன்' என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். இன்றைக்கு மருமகன் என்ற பொருள்தான் நமக்குத் தோன்றும். சங்கப் பாட்டில் அதற்கு வழித்தோன்றல் என்று பொருள். மகனா, பேரனா, பத்துத் தலைமுறை தள்ளி வந்தவனா என்று அந்தச் சொல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பழி எத்தனை தலைமுறை தாண்டி வந்து விச்சிக்கோமேல் விழுந்தது என்பதற்குப் பாட்டில் கணக்கு இல்லை. இன்னொன்று, பாட்டில் கொலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பொன் தேர் உடைய நன்னன் என்றுதான் இருக்கிறது. தழுவாததற்குக் காரணம் அந்தப் பெண்கொலைதான் என்று குறுந்தொகையை வைத்து உரைகாரர்கள் விளக்கினார்கள்.

இது தனி ஒரு சம்பவம் இல்லை. பாரி இறந்த பிறகு அவன் மகள்களை மணம் முடித்துக் கொடுக்கக் கபிலர் அலைந்த கதை தெரியும்தானே? முதலில் போனது ஒரு விச்சிக்கோனிடம்தான். அடுத்து இருங்கோவேளிடம். அவனைப் புகழும்போது (புறம் 201) வடக்கே ஒரு முனிவரின் வேள்விக் குண்டத்தில் தோன்றி, துவாரகையை ஆண்டு, 49 தலைமுறையாக வந்த வேளிர் குலத்தவன் என்கிறார். அவன் மறுத்ததும் அடுத்த பாட்டிலேயே (புறம் 202) அதே குலவரிசையைத் திருப்பிப் போடுகிறார். உங்கள் முன்னோரில் உன்னைப் போலவே அறிவுள்ள ஒருத்தன் கழாத்தலையார் என்ற புலவரை இகழ்ந்தான், அதனால்தான் உங்கள் அரையம் என்ற ஊர் அழிந்தது என்கிறார். 49 தலைமுறையையும் அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லவில்லை. தப்பு செய்தவனுக்கும் பெயர் இல்லை, 'உங்களில் ஒருத்தன்' அவ்வளவுதான்.

நன்னன் ஒருவனா, பலரா?

சரி, மகளின் கேள்விக்கு வருவோம்.

டேட்டாபேஸ் வேலையில் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: பெயரை வைத்து இரண்டு ரெக்கார்டை ஒன்றாக்காதே. பெயர் அடையாளம் கிடையாது. வேறு இரண்டு மூன்று விவரமாவது பொருந்த வேண்டும். நன்னனுக்கும் அதையே செய்து பார்த்தேன்.

முதலில் இடம். நன்னன் என்ற பெயர் சங்கப் பாட்டில் அதிகமாக வருவது மேற்குக் கரையோடு சேர்ந்துதான். கொண்கானம், ஏழில்மலை, பாழி. ஏழில்மலை இன்றைய கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்து ஏழிமலை. பாழியில் நன்னனுக்காக மிஞிலி என்பவன் போரிட்டு ஆய் எயினனைக் கொன்றதைப் பரணர் பாடுகிறார். சேரன் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் வாகைப் பெருந்துறையில் தோற்கடித்ததும் இந்தப் பக்கத்து நன்னனைத்தான். செங்கத்து நன்னனுக்கு இந்த இடங்கள் எதுவும் இல்லை. அவனுக்குச் சேயாறும் நவிரமும்தான்.

இரண்டாவது கோசர். மாமரத்தை வெட்டிய கோசர்களைத் துளு நாட்டோடு சேர்த்து அகநானூறு 15-இல் மாமூலனார் பாடுகிறார். துளு நாடு ஏழில்மலைக்கு வடக்கே பக்கத்து நாடு. கோசர்கள் வேறு ஊர்களிலும் இருந்திருக்கிறார்கள், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் மரம் நின்றது மேற்கே என்பதற்கு இது வலுச் சேர்க்கிறது.

மூன்றாவது, பெயரே. செங்கத்தானை 'நன்னன் சேய் நன்னன்' என்கிறது பாட்டு. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். நம்மிடம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் இன்றும் இருக்கிறது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்', பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்ததுதான். ஒரே பெயர் ஒரு குலத்தில் திரும்பத் திரும்ப வரும். அப்படியிருக்க, நன்னன் என்ற பெயரைப் பார்த்ததும் எல்லாரையும் ஒரே ஆளாக்குவது தப்பு.

ஆக, செங்கத்து நன்னனும் பெண்ணைக் கொன்ற நன்னனும் ஒரே ஆள் என்பதற்கு, பெயரைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. "வேற நன்னன்மா" என்று நான் அவசரப்பட்டுச் சொன்னது சரிதான்.

ஆனால் இந்த மூன்றாவது வாதம் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயர் குலத்தில் திரும்ப வரும் என்றால், இரண்டு நன்னன்களும் ஒரே குலத்தின் வேறு வேறு கிளைகளாக இருந்திருக்கவும் வழி இருக்கிறது. அப்படி இருந்தால்? நம் ஊர்க்காரனும் நன்னன் மருகன்தான் என்றால், அவனைத் தழுவலாமா கூடாதா?

ஆகான் என்கிற ஆகார்

இந்தக் கேள்வியோடு நான் சுற்றிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் "எங்க பைபிள்லயும் இப்படி ஒருத்தன் இருக்கான், பாருங்க" என்று தமிழ் விவிலியத்தைக் கொடுத்தார். பழைய இஸ்ரவேலர்களும் குலவரிசையை உயிராக நினைத்தவர்கள். நாளாகமம் முதல் புத்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்தான். கபிலர் 49 என்று ஒரே எண்ணில் தாண்டிப் போனதை இவர்கள் ஒவ்வொரு பெயராக எழுதி வைத்தார்கள்.

அந்தப் பட்டியலில் யூதா கோத்திரத்தில் ஒரு சின்ன ஆள் ஆகான். அவன் கதை யோசுவா புத்தகம் 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எரிகோ நகரம் விழுந்தபோது அங்கிருந்த எதையும் யாரும் தனக்கென்று எடுக்கக் கூடாது என்பது கட்டளை. ஆகான் ஒரு பாபிலோனிய சால்வையையும் 200 சேக்கல் வெள்ளியையும் 50 சேக்கல் எடையுள்ள பொன் பாளத்தையும் எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தான். அடுத்த ஆயி நகரத்துப் போரில் இஸ்ரவேலர் தோற்று 36 பேர் போல இறந்தார்கள். யார் காரணம் என்று சீட்டுப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். முதலில் கோத்திரம், பிறகு வம்சம், பிறகு குடும்பம், கடைசியில் ஆள். யூதா, சேரா, சப்தி, ஆகான். குலவரிசையே குற்றவாளியைத் தேடும் கருவியாகிவிட்டது. அவனையும் அவன் மகன்களையும் மகள்களையும் ஆடு மாடுகளையும் கொன்று எரித்தார்கள். அந்த இடத்துக்கு ஆகோர் பள்ளத்தாக்கு என்று பெயர் வந்தது. ஆகோர் என்றால் கலக்கம், துன்பம்.

இப்போது நாளாகமத்தின் பட்டியலில் (முதல் புத்தகம், 2:7) இவன் எப்படி வருகிறான் என்று பாருங்கள். பெயர் ஆகான் இல்லை, ஆகார்! எபிரெயத்தில் கலங்கச் செய்தவன் என்ற சொல்லோடு ஒட்டி வரும்படி பெயரே மாறிவிட்டது. செய்த காரியம் பெயரைத் தின்றுவிட்டது. எங்கள் ஊரில் கொள்ளுத்தாத்தா பெயர் மறைந்து 'பொய்ச்சாட்சி' மட்டும் நின்ற மாதிரி.

இன்னும் இரண்டு ஒற்றுமை. யோசுவாவில் ஒரு இடத்தில் ஆகான் கர்மீயின் மகன், கர்மீ சப்தியின் மகன், சப்தி சேராவின் மகன். அதே அதிகாரத்தில் இன்னொரு இடத்தில் நேரடியாகச் சேராவின் மகன் ஆகான். எபிரெயத்தில் 'பென்' என்ற சொல் மகனையும் குறிக்கும், வழித்தோன்றலையும் குறிக்கும். நம் 'மருகன்' மாதிரியே. அடுத்தது, நாளாகமத்தில் கர்மீ யாருடைய மகன் என்ற கண்ணி விடுபட்டிருக்கிறது. யோசுவாவில் சப்தி என்று வருகிற இடத்துக்கு நேராக இங்கே சேராவின் மகன்களில் சிம்ரி என்று இருக்கிறது. இரண்டு புத்தகத்தையும் சேர்த்து வைத்துத்தான் சங்கிலியை முழுசாக்க வேண்டும். காயையும் மாமரத்தையும் சேர்த்த அதே வேலை.

ஆனால் இஸ்ரவேலர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. அப்பன்மார் புளித்த திராட்சையைத் தின்றால் பிள்ளைகளின் பல் கூசும் என்று அவர்களிடம் ஒரு பழமொழி இருந்தது. எசேக்கியேல் புத்தகத்தின் 18-ஆம் அதிகாரம் முழுக்க அந்தப் பழமொழியை மறுக்கிறது. அப்பன் செய்ததை மகன் சுமக்க வேண்டியதில்லை, அவனவன் செய்ததற்கு அவனவன். ஓசியா புத்தகத்தில் (2:15) அந்த ஆகோர் பள்ளத்தாக்கே நம்பிக்கையின் வாசலாக மாறும் என்று வருகிறது. பழிக்குப் பேர்போன இடத்தைத்தான் வாசல் என்கிறார்கள்.

வாசல்

இங்கேதான் எனக்கு மலைபடுகடாத்தின் வாசல் ஞாபகம் வந்தது.

புறம் 151-இல் நன்னன் மருகனான விச்சிக்கோவின் மலையில் பாடுகிறவர்களுக்குக் கதவு அடைத்திருக்கிறது. மலைபடுகடாத்தில் நன்னன் மகன் நன்னனின் ஊரில் பாடுகிறவர்கள் தயங்காமல் உள்ளே போகிறார்கள். இரண்டு பேர் மேலும் இருப்பது நன்னன் என்ற அதே பெயர். ஒரு புலவர் அந்தப் பெயருக்காகத் தழுவ மறுத்தார். இன்னொரு புலவர் அந்தப் பெயரை இரண்டு தடவை, அப்பனோடு சேர்த்து 'நன்னன் சேய் நன்னன்' என்று சொல்லிப் பாடினார். பெயரை மறைக்கவில்லை, மாற்றவில்லை.

இரண்டு குலமும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றாகவே இருந்திருந்தாலும் அந்தக் காலத்திலேயே பதில் ஒன்றாக இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். பெருந்தலைச் சாத்தனாரே இரண்டு காரணம் சொன்னார். ஒன்று நன்னன் மருகன் என்பது, அது விச்சிக்கோவின் கையில் இல்லை. இன்னொன்று அடைத்த கதவு. கதவைத் திறக்க அவனால் முடியும். செங்கத்தான் தன் கதவைத் திறந்து வைத்திருந்தான், 583 அடி கிடைத்தது. முன்னோர் செய்ததை ஒருத்தனால் மாற்ற முடியாது. தன் வாசலை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் இல்லாதவள்

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு பேரு என்னப்பா?" என்றாள்.

இல்லை. பாட்டில் அவளுக்குப் பெயர் இல்லை. அவள் அப்பா பெயரும் இல்லை. 81 யானை கொடுக்க முன்வந்தது யார் என்றும் இல்லை. கொன்றவன் பெயர் இருக்கிறது, அவன் வழியில் வந்தவனின் பெயர் இருக்கிறது, தழுவாத புலவரின் பெயர் இருக்கிறது. நான் இவ்வளவு நாளும் நம் ஊர் ராஜாவின் மானத்தைக் காப்பாற்றுவதிலேயே இருந்துவிட்டேன். இறந்தவளைப் பற்றி யோசிக்கவில்லை. ஆகானின் மகள்களுக்கும் யோசுவா புத்தகத்தில் பெயர் இல்லை.

ஆனால் அவளை மக்கள் விட்டுவிடவில்லை. பொள்ளாச்சி பக்கத்தில் ஆனைமலையில் மாசாணியம்மன் கோயில் இருக்கிறது. அம்மன் படுத்த கோலம். ஆற்றில் வந்த மாங்கனியைத் தின்றதற்காக நன்னன் கொன்ற பெண்தான் மாசாணி என்பது கோயில் கதை. அங்கே ஒரு நீதிக்கல் உண்டு. களவு போனவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், வேறு எங்கும் நியாயம் கிடைக்காதவர்கள் மிளகாயை அரைத்து அந்தக் கல்லில் பூசி முறையிடுகிறார்கள். ஏழில்மலைக்கும் செங்கத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இடத்தில் நன்னன் கதை வந்து ஒட்டியது எப்படி என்பது தனியாக ஆராய வேண்டியது. ஆனால் பாட்டில் பெயர் இல்லாதவளுக்கு ஊர் ஒரு பெயர் வைத்தது. எடைக்கு எடை பொன் கொடுத்தும் நியாயம் கிடைக்காதவளிடம்தான் இன்று ஜனங்கள் நியாயம் கேட்டுப் போகிறார்கள்.

கடைசியாக எங்கள் வீட்டு விஷயம். நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கப் பழைய பத்திரங்களைப் புரட்டியபோது ஒன்றில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்தது. பெயர், அவர் அப்பா பெயர், பக்கத்தில் ஒரு கைரேகை. அவ்வளவுதான். பொய்ச்சாட்சி சொன்னாரா இல்லையா என்று அந்தத் தாளில் எதுவும் இல்லை. சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அதனால் நிலத்தை இழந்த ஒரு குடும்பம் இருந்திருக்கும். அவர்கள் யார் என்று எங்கள் வீட்டில் யாரும் இதுவரை கேட்டதே இல்லை. பாட்டி அத்தைக்காக அழுதார், அவர்களுக்காக எங்கள் வீட்டில் யாரும் அழுததாகத் தெரியவில்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.